அத்திப்பழத்தின் பேரப்பிள்ளைகள்

"அது ரத்தத்துலயே இருக்கு" என்கிற வாக்கியத்தை நாம் எத்தனை விதமாகப் பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பிள்ளை நன்றாகப் பாடினால் சொல்கிறோம். கணக்கில் தேறாவிட்டாலும் சொல்கிறோம். சர்க்கரை வியாதி, முன்கோபம், குடிப்பழக்கம், உயரம், எல்லாவற்றுக்கும் அதே ரத்தம்தான். இன்னொரு குடும்பத்தைப் பற்றி, இன்னொரு ஊரைப் பற்றி, இன்னொரு சாதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போதும் இதே வாக்கியம் வந்து நிற்கிறது. சொல்கிறவருக்குச் சந்தேகமே இருப்பதில்லை.

ஒரு பண்பு பெற்றோரிடமிருந்து எவ்வளவு வருகிறது? ஒரே துண்டாக வருகிறதா, ஆயிரம் துண்டாக வருகிறதா? இந்தக் கேள்விக்கு மிகக் கறாரான பதில்களில் ஒன்று மனிதனிடமிருந்து கிடைக்கவில்லை. ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டிடமிருந்து கிடைத்தது. அந்தப் பதில் வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையில் ஒரு பீர் கம்பெனி வருகிறது, ஓர் அழுகிய அத்திப்பழம் வருகிறது, ஓர் எய்ட்ஸ் நோயாளியின் நுரையீரல் வருகிறது. பரம்பரை என்ற சொல்லை எடுக்கிற யாரும் ஒருமுறை இந்தக் கதையைக் கடந்து வரவேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

*

1886இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் 205 தம்பதிகளையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் எடுத்துக்கொண்டு உயரக் கணக்குப் போட்டார். உயரமான பெற்றோருக்கு உயரமான பிள்ளைகள்தான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை, கொஞ்சம் சராசரியை நோக்கி இறங்கிவிடுகிறார்கள் என்று கண்டார். குள்ளமான பெற்றோரின் பிள்ளைகள் அதே போலக் கொஞ்சம் ஏறிவிடுகிறார்கள். இதில் கவனிக்கவேண்டியது, மனித உயரம் நெட்டை, குட்டை என்று இரண்டு பெட்டிக்குள் அடங்குவதில்லை. ஐந்தடி ஒன்று, ஐந்தடி இரண்டு என்று இழைஇழையாகப் போகிறது.

அதற்கு இருபது வருடம் முன்பே கிரெகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளைப் பற்றி எழுதியிருந்தார். அவருடைய பட்டாணியில் நெட்டையும் குட்டையும் தெளிவாகப் பிரிந்தன. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத அந்தக் கட்டுரை 1900இல் தூசி தட்டி எடுக்கப்பட்டதும் சண்டை ஆரம்பித்தது. ஒரு பக்கம் வில்லியம் பேட்சன், மெண்டல் சொன்னதே விதி என்றார். இன்னொரு பக்கம் கார்ல் பியர்சனும் வெல்டனும், மனிதனின் உயரத்தையும் எடையையும் பட்டாணி எப்படி விளக்கும் என்று கேட்டார்கள். சண்டை நாகரிகமாகவும் நடக்கவில்லை.

1909இல் ஸ்வீடனில் நில்சன்-ஏலே கோதுமை மணியின் சிவப்பு நிறத்தை வைத்து ஒரு வழி காட்டினார். ஒரே நிறத்துக்கு மூன்று காரணிகள் சேர்ந்து வேலை செய்தால் 64இல் ஒரு மணிதான் முழு வெள்ளையாகும், நடுவில் பல படிகளில் சிவப்பு வரும். 1918இல் ரொனால்ட் ஃபிஷர் அதைப் பொதுக் கணக்காக்கினார். மெண்டலின் விதிப்படி நடக்கிற சின்னச்சின்னக் காரணிகள் நிறைய இருந்தால், கூட்டிப் பார்க்கும்போது கால்டன் கண்ட இழைஇழையான உயரம் தானாக வந்துவிடும். இரண்டு கட்சியும் ஒரே உண்மையை இரண்டு முனையிலிருந்து பிடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கணக்கு அழகானது. அதைப் போட்டவர்களின் அரசியல் அப்படி இல்லை. நல்ல பரம்பரையைப் பெருக்கி மற்றதைக் குறைக்கவேண்டும் என்ற 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை 1883இல் உருவாக்கியவரே கால்டன்தான். 1911இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அந்தத் துறைக்கான முதல் பேராசிரியர் பதவியில் அமர்ந்தவர் பியர்சன். அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்துகொண்டே யூஜெனிக்ஸ் சங்கம் ஆரம்பித்தவர்களில் ஒருவர் ஃபிஷர். அளக்கிற மோகம் சென்னை வரைக்கும் வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளின் தலையையும் மூக்கையும் அளந்து, கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கின் அகலத்தில் சாதியின் சாரம் இருக்கிறது என்று நம்பிய காலம்.

இத்தனை நம்பிக்கைக்கும் நடுவில், ஃபிஷரின் 'சின்னச்சின்னக் காரணிகள்' ஒன்றைக்கூட யாரும் மனிதனிடம் கண்ணால் பார்த்திருக்கவில்லை. எத்தனை இருக்கின்றன, எங்கே இருக்கின்றன, ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ள என்ன வேண்டும்? ஒரே அப்பா அம்மாவுக்கு ஆயிரம் பிள்ளைகள் வேண்டும். எல்லோரும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டில் வளரவேண்டும். முடிந்தால் அதே பிள்ளை மறுபடி பிறந்து வேறு வீட்டிலும் வளர்ந்து காட்டவேண்டும். மனிதனிடம் இதில் எதுவுமே நடக்காது. ஈஸ்ட்டிடம் எல்லாமே நடக்கும்.

*

கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையை நடத்திய ஜே. சி. யாகோப்சன் 1875இல் ஆலையோடு ஓர் ஆய்வகத்தையும் சேர்த்துக் கட்டினார். பீர் அடிக்கடி கெட்டுப்போவது ஏன் என்ற கவலை. 1883இல் அங்கே எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லைப் பிரித்து, அதிலிருந்து மட்டும் வளர்த்த சுத்தமான ஈஸ்ட்டை ஆலைக்குக் கொடுத்தார். கார்ல்ஸ்பர்க் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது.

ஈஸ்ட் என்றால் மொட்டு விட்டுப் பெருகுகிற ஒன்று என்றுதான் அப்போது பொதுவாக நினைத்தார்கள். அதே ஆய்வகத்தில் 1935இல் ஓய்விண்ட் விங்கே, ஈஸ்ட்டுக்கும் ஆண் பெண் மாதிரி ஒரு சேர்க்கை உண்டு என்று காட்டினார். ஈஸ்ட் செல்லுக்கு இரண்டு வாழ்க்கை. ஒற்றைக் குரோமோசோம் தொகுதியோடு வாழ்கிற நிலை ஒன்று, அப்படிப்பட்ட இரண்டு செல்கள் கூடி இரட்டைத் தொகுதியோடு வாழ்கிற நிலை ஒன்று. இரட்டை நிலையில் இருப்பதைப் பட்டினி போட்டால் அது ஒரு சின்னப் பையைப் போலாகி உள்ளே நான்கு வித்துகளை உண்டாக்கும். நான்கும் உடன்பிறப்புகள். தாய் தந்தை இருவரின் மரபணுக்களும் சீட்டுக்கட்டு மாதிரி கலைக்கப்பட்டு நான்கு கைக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். மைக்ராஸ்கோப்பின் கீழே கண்ணாடி ஊசியால் அந்தப் பையைத் திறந்து நான்கையும் தனித்தனியே எடுத்து வைக்கலாம்.

இந்தக் காட்சி எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. நம்முடைய ஒரு கருமுட்டையில் எந்தச் சீட்டு வந்தது என்றுதான் தெரியும், மற்றது போன இடம் தெரியாது. ஈஸ்ட்டில் ஒரு ஆட்டத்தின் நான்கு கைகளும் மேசைமேல் விரித்து வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு வித்தும் ஒற்றைத் தொகுதி உள்ளது என்பதால் ஒரு மரபணுவை இன்னொரு பிரதி மறைப்பதும் கிடையாது. இருப்பது அப்படியே வெளியே தெரியும்.

*

ஜோடி சேர்க்க ஈஸ்ட் வேண்டுமே. 1938இல் கலிபோர்னியாவின் மெர்செட் என்ற ஊர்ப்பக்கம் அழுகிக் கிடந்த அத்திப்பழத்திலிருந்து எமில் மிராக் ஒரு ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். அது கார்ல் லிண்டிகிரென் என்பவரின் கைக்குப் போனது. அமெரிக்காவில் ஈஸ்ட் மரபியலைத் தொடங்கிவைத்தவர் அவர். ஈஸ்ட்டின் இரண்டு 'பாலினங்களை' அவரும் மனைவி கெர்ட்ரூடும் 1943இல் அடையாளம் கண்டார்கள். அங்கிருந்து வந்த சந்ததிகளை ராபர்ட் மார்டிமர் மேலும் கலந்து எஸ்288சி என்ற வகையை உருவாக்கினார். ஆய்வகத்தில் வளர்க்க லகுவானது, கட்டி தட்டாதது. உலகமெங்கும் ஆய்வகங்கள் அதையே எடுத்துக்கொண்டன. 1996இல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது அதற்குத்தான். சுமார் 1.2 கோடி எழுத்துகள், 16 குரோமோசோம்கள், 6,000 மரபணுக்களை ஒட்டி. செல்லுக்குள் உட்கரு உள்ள உயிர்களில் முழுதாகப் படிக்கப்பட்ட முதல் உயிர் அதுதான்.

பத்து வருடம் முன்னதாக 1986இல் மார்டிமரும் ஜான்ஸ்டனும் எஸ்288சியின் குலவரலாற்றைப் பின்னோக்கித் தேடிப்போய் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்கள். அதன் மரபணுக்களில் ஏறத்தாழ 88 சதவீதம் அந்த அத்திப்பழ ஈஸ்ட்டின் சொத்து. ஆய்வகங்களில் 'ஈஸ்ட்' என்று பொதுவாகப் பேசப்பட்டதெல்லாம் பெரும்பாலும் ஒரே குடும்பத்தின் கதை.

ஒரு மரபணுவை உடைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க இந்த ஒரே குடும்பம் போதும். பலர் சேர்ந்து உண்டாக்குகிற பண்பு எப்படிப் பரம்பரையாக இறங்குகிறது என்று பார்க்கப் போதாது. சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து எடுத்தால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? வெளியிலிருந்து வரன் தேடவேண்டியிருந்தது. ஒரு வரன், மார்டிமரே கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டத்தில் சேகரித்ததன் வழிவந்தது. ஆர்.எம்.11 என்று பெயர். இன்னொரு வரன், ஓர் எய்ட்ஸ் நோயாளியின் நுரையீரலில் வளர்ந்திருந்த ஈஸ்ட்டின் வழிவந்தது. சாதாரணமாக மனிதனை ஒன்றும் செய்யாத ஈஸ்ட், எதிர்ப்புச் சக்தி போன உடலில் இடம் பிடித்திருக்கிறது. உடம்புச் சூட்டுக்கு மேலேயும், 41 டிகிரியில்கூட, நன்றாக வளரும். அத்திப்பழ வம்சம் அந்தச் சூட்டில் தடுமாறும்.

*

2002இல் ஸ்டான்ஃபோர்டில் லார்ஸ் ஸ்டைன்மெட்ஸும் கூட இருந்தவர்களும் இந்த இரண்டையும் கலந்து பார்த்தார்கள். சூடு தாங்குகிற மரபணு எது? பிள்ளைகளில் சூடு தாங்கியவற்றைப் பிரித்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக நோயாளியிடமிருந்து வந்த பகுதி எது என்று தேடினார்கள். பதினான்காம் குரோமோசோமில் ஒரு சின்னப் பகுதி பளிச்சென்று நின்றது. அதற்குள் ஒரு மரபணு இருக்கும், கண்டுபிடித்துவிட்டால் கதை முடிந்தது என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள்.

அவர்கள் செய்த சோதனை நுட்பமானது. இரண்டு வம்சமும் கலந்த ஓர் ஈஸ்ட்டில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி இருக்கும், ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. முதல் ஈஸ்ட்டில் அப்பா வழிப் பிரதியை மட்டும் நீக்குவது, இரண்டாவதில் அம்மா வழிப் பிரதியை மட்டும் நீக்குவது. மற்ற 6,000 மரபணுக்களும் இரண்டிலும் ஒன்றே. பிறகு இரண்டும் சூட்டில் எப்படி வளர்கின்றன என்று ஒப்பிட்டால், வித்தியாசத்துக்கு அந்த ஒரு மரபணுதான் பொறுப்பு.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தபோது ஒன்றுக்குப் பதில் மூன்று மரபணுக்கள் சிக்கின, பக்கத்துப் பக்கத்தில். அதைவிட ஆச்சரியம், சூட்டுக்கு உதவுகிற மூன்று வடிவங்களும் ஒரே பெற்றோரிடம் இருக்கவில்லை. சூடு தாங்காத அத்திப்பழ வம்சமும் ஒரு நல்ல துண்டை வைத்திருந்தது, தன்னிடம் அது வெளியே தெரியாமலேயே. 'நல்ல' பரம்பரை, 'கெட்ட' பரம்பரை என்ற பேச்சுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது.

அடுத்த கேள்வி, இந்த மூன்றும் எல்லா ஈஸ்ட்டிலும் சூட்டுக்குப் பொறுப்பா? 2006இல் ஹிமான்ஷு சின்ஹாவும் சகாக்களும் எஸ்288சியை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்து ஈஸ்ட்களோடு கலந்து அதே மரபணுக்களைச் சோதித்தார்கள். சின்ஹா பின்னாளில் சென்னை ஐஐடிக்கு வந்தவர். முதல் கலப்பில் பார்த்த பங்களிப்பு மற்ற ஒன்பது கலப்புகளில் அப்படியே திரும்ப வரவில்லை. மரபணு அதேதான், சுற்றியிருக்கிற மற்ற மரபணுக்கள் மாறியதும் அதன் வேலையும் மாறிவிட்டது. "இதுதான் சூடு தாங்கும் ஜீன்" என்று ஒரு குடும்பத்தை வைத்துச் சொன்னது அடுத்த குடும்பத்துக்குச் செல்லாது.

*

மனித மரபியலில் இதே சமயம் ஒரு தர்மசங்கடம். ஆயிரக்கணக்கான பேரின் மரபணுக்களை ஒப்பிட்டு, உயரத்தோடு தொடர்புள்ள சுமார் 40 இடங்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். உயர வித்தியாசத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் பரம்பரையானது என்று குடும்பங்களை ஒப்பிட்ட ஆய்வுகள் சொல்லின. இந்த 40 இடங்களையும் கூட்டினால் 5 சதவீதம்தான் தேறியது. மிச்சம் எங்கே? 2008 வாக்கில் இதற்கு 'காணாமல் போன பரம்பரை' என்றே பெயர் வந்துவிட்டது. நம்மால் பிடிக்க முடியாத அளவுக்குச் சின்னத் துண்டுகளா, அரிதான பெரிய துண்டுகளா, மரபணுக்கள் ஒன்றோடொன்று கூடிச் செய்கிற வேலையா, அல்லது 80 என்ற கணக்கே தப்பா என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

லியோனிட் க்ருக்லியாக்கின் குழு ஈஸ்ட்டை வைத்து இதைப் பார்த்தது. அத்திப்பழ வம்சமும் திராட்சைத் தோட்ட வம்சமும் கலந்து 1,008 பிள்ளைகள். ஒவ்வொன்றின் மரபணுவும் படிக்கப்பட்டது. பிறகு விதவிதமான தட்டுகளில் வளர்த்தார்கள். ஒரு தட்டில் வேறு சர்க்கரை, ஒரு தட்டில் விஷம், ஒன்றில் உப்பு என்று மொத்தம் 46 பண்புகள். நான் முன்பு கேட்ட அசாத்தியமான காரியம் இதுதான், அதே பிள்ளையை 46 வீட்டில் வளர்த்துப் பார்ப்பது. 2013இல் வெளியான முடிவின்படி, பெரும்பாலும் ஒரு டஜனையொட்டிய இடங்களைக் கூட்டினாலே, தனித்தனியாகச் சேர்கிற பரம்பரைப் பங்கு கிட்டத்தட்ட முழுதாகக் கணக்கில் வந்துவிட்டது. இவ்வளவு பிள்ளைகள் இருந்தால் பரம்பரை காணாமல் போவதில்லை. மரபணுக்கள் ஒன்றோடொன்று கூடிச் செய்வதன் பங்கு, பண்பைப் பொறுத்து, ஒன்றுமில்லை என்பதிலிருந்து பாதி வரைக்கும் இருந்தது.

அப்படியானால் ஒரு டஜன்தான் விடையா? 2022இல் ஹார்வர்டில் அதே இரண்டு வம்சத்தை எடுத்து ஒரு லட்சம் பிள்ளைகளை உண்டாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் டிஎன்ஏவில் ஒரு பார்கோடு. 18 பண்புகளைப் பார்த்தபோது டஜன் நூற்றுக்கணக்காகிவிட்டது. அதே தாய், அதே தந்தை, எண்ணிக்கைதான் கூடியது. முன்பு ஒரு பெரிய இடமாகத் தெரிந்தது உற்றுப் பார்த்தால் பல சின்ன இடங்களின் கூட்டமாக இருந்தது. ஒரே இடம் பல பண்புகளில் கைவைத்தது. மனிதனிடமும் அதே ஆண்டு 54 லட்சம் பேரை வைத்து உயரத்துக்கு 12,111 இடங்கள் என்று கணக்கு வந்தது. ஃபிஷரின் சின்னச்சின்னக் காரணிகள் ஒருவழியாகக் கண்ணுக்குத் தெரிந்தன, நூறு வருடம் கழித்து.

இரண்டே பெற்றோர் என்பது இன்னும் ஒரே குடும்பக் கதைதானே. உலகத்தில் எத்தனை ஈஸ்ட் இருக்கிறது! 2018இல் ஒரு சர்வதேசக் குழு 1,011 ஈஸ்ட்களின் மரபணுத் தொகுதியை வெளியிட்டது. ஒயின், பீர், சாகே, ரொட்டி, ஓக் மரப்பட்டை, நோயாளிகள், பனைமரக் கள் என்று எல்லா இடத்திலிருந்தும். அடுத்த ஆண்டு க்ருக்லியாக்கின் குழு 16 வேறுபட்ட பெற்றோரை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் இரு பக்கத்திலிருப்பதோடும் கலந்து சுமார் 14,000 பிள்ளைகளைப் பார்த்தது. 38 பண்புகள், ஆயிரக்கணக்கான இடங்கள். அவற்றை 1,011 ஈஸ்ட்களோடு ஒப்பிட்டபோது, எல்லோரிடமும் பரவலாக இருக்கிற மரபணு வடிவங்களைவிட, ஓரிரு வம்சங்களில் மட்டும் இருக்கிற அரிய வடிவங்கள் தங்கள் எண்ணிக்கைக்கு மீறிய வேலை செய்வது தெரிந்தது. அவை அண்மையில் தோன்றியவை. பெரிய விளைவு உண்டாக்குகிற மாற்றம் பெரும்பாலும் கெடுதலானது என்பதால், பரவுவதற்குள் இயற்கை அதைக் களைந்துவிடுகிறது. அதனால் பெரியது அரிதாகவும் பரவலானது சின்னதாகவும் இருக்கிறது.

*

இதையெல்லாம் வைத்துப் பரம்பரை என்பதே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஈஸ்ட் சொல்வது அதற்கு நேர் எதிர். பரம்பரை உண்டு, அளக்கலாம், சரியான நிலையில் கடைசிச் சில்லறை வரைக்கும் எண்ணலாம். அந்தச் 'சரியான நிலை' என்னவென்பதுதான் முக்கியம். பெற்றோர் யாரென்று தெரியவேண்டும், பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேண்டும், தட்டு ஒன்றாக இருக்கவேண்டும்.

தட்டு பற்றி ரிச்சர்ட் லெவோன்டின் 1970இல் ஓர் உவமை சொன்னார். அமெரிக்காவில் கறுப்பர், வெள்ளையரின் புத்திக்கூர்மை வித்தியாசம் மரபணுவால் என்று ஆர்தர் ஜென்சன் எழுதியதற்குப் பதிலாக. ஒரே மூட்டையிலிருந்து இரண்டு கைப்பிடி விதை எடுத்து, ஒன்றைச் சத்துள்ள மண்ணிலும் மற்றதைச் சத்தற்ற மண்ணிலும் விதைக்கிறீர்கள். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் செடிக்குச் செடி உள்ள உயர வித்தியாசம் முழுக்கப் பரம்பரைதான். இரண்டு பாத்திக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் முழுக்க மண்தான். உள்ளே இருக்கிற கணக்கை வெளியே இருக்கிற வித்தியாசத்துக்கு எடுத்துப்போட முடியாது.

நம் ஊரில் அந்த எடுத்துப்போடுதல் தினமும் நடக்கிறது. பள்ளிக்கூடம் எட்டாத தெருவையும் மூன்று தலைமுறை படித்த தெருவையும் பக்கத்தில் வைத்து "அவங்க ரத்தம் அப்படி" என்கிறோம். தர்ஸ்டனின் அளவுகோல் போய்விட்டது, அந்தச் சந்தேகமின்மை போகவில்லை. இப்போது அதற்கு 'ஜீன்' என்று புதுச் சட்டை போட்டுவிட்டோம்.

ஈஸ்ட் பிள்ளைகளை மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருப்பார்கள். எத்தனை வருடம் கழித்தும் எடுத்து, இதுவரை யாரும் ஊற்றாத ஒரு தட்டில் வைத்து எழுப்பலாம். பழைய 46 தட்டில் பின்தங்கிய ஒன்று நாற்பத்தேழாவதில் முந்திப் போகக்கூடும். அதன் மரபணுவில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. அதைத் தெரிந்துகொள்ள அந்தத் தட்டை யாராவது ஊற்றியே ஆகவேண்டும்.